நிலை செய்தவளுக்கு ஒரு தட்டு

"தையல் வகுப்புக்கா?" என்று சமுதாயக் கல்லூரி அலுவலகத்தில் கேட்டார்கள். இல்லை, தச்சு வேலைக்கு என்றேன். கேட்டவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் கேட்டார். நானும் மறுபடியும் சொன்னேன். எங்கள் இலத்தூரில் தெருவுக்கு மூன்று பேர் தைக்கிறார்கள். சாரல் காலத்தில் கதவு உப்பித் திறக்காமல் நின்றால் கூப்பிட்ட குரலுக்கு வரத்தான் ஆள் இல்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விடுவார்கள், வீட்டுக்காரர் ராணுவத்தில். வேறு பெரிய காரணம் எதுவும் எனக்கு இருக்கவில்லை.

தென்காசிக்குத் தினமும் பஸ். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பையன்கள்தான் அதிகம். கடையநல்லூரிலிருந்து ஒருவர், வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பியவர், "சர்டிபிகேட்டோட போனா கார்ப்பென்டர், இல்லாம போனா ஹெல்பர்" என்று சொல்லிக்கொண்டே இழைப்பார். என் இழைப்புளி ஆரம்பத்தில் மரத்தை இழைக்கவில்லை, கடித்துக் குதறியது. உள்ளங்கை முழுக்கக் கொப்புளம்.

சொந்தக்காரர்களுக்குக் கொப்புளம் பெரிதாகத் தெரியவில்லை. ஆசாரி வேலை நமக்கு எதுக்கு, பட்டாளத்தான் பொண்டாட்டி உளியும் கையுமா அலையணுமா என்றார்கள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும். "நீங்க உக்காந்திருக்க நாற்காலிய யாரு செஞ்சா?" என்று ஒரு சித்தப்பாவிடம் கேட்டேன். அது பிளாஸ்டிக் நாற்காலி. கேள்வி எடுபடவில்லை.

ஆடி மாதம் எங்களைக் குற்றாலத்தில் ஒரு லாட்ஜுக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். சீசன் நேரம். அறைக் கதவெல்லாம் ஈரத்தில் ஊதிப்போய் உதைத்தால்தான் மூடும். கையில் இழைப்புளியோடு நிற்கிற என்னிடம், தலையில் எண்ணெய் வழிய ஒருவர் வந்து துண்டு கேட்டார். "நான் கதவு பாக்க வந்திருக்கேன், துண்டு கீழ கிடைக்கும்" என்றேன். அவர் கீழே போகும்வரை என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். அந்தக் கோபத்தில் அந்த அறைக் கதவை வேண்டியதற்கு மேலேயே இழைத்துவிட்டேன். ஈரத்தில் கச்சிதமாகத்தான் மூடியது. பங்குனி வெயிலில் மரம் வற்றிச் சந்து விழுந்து, அது வழியாகப் பல்லி வருகிறது என்று மேனேஜர் கல்லூரிக்கே போன் செய்தார். இந்தக் கதையை நானே வீட்டுக்காரரிடம் சொல்லிச் சிரித்தேன். சொல்லியிருக்கக் கூடாது.

படிப்பு முடிந்த கையோடு எங்கள் புது வீடு கட்டும் வேலை ஆரம்பமானது. ஆவணியில் அவர் விடுப்பில் வரும்போது தலைவாசல் நிலை வைப்பதாக ஏற்பாடு. நிலையை நான் செய்கிறேன் என்றேன். அவர் போனிலேயே வேலையைப் பங்கு போட்டார்.

"புறவாசல் நிலைய நீ செய்யி. முன்வாசலுக்குச் செங்கோட்டையில ஆசாரி சொல்லிருக்கேன். குற்றாலத்து லாட்ஜு மாதிரி பல்லிக்கு வழி விட்டிராத."

"ஒரு தடவ குறி தப்புனா பட்டாளத்துல இருந்து அனுப்பிருவாகளா?" என்றேன்.

இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே, "சரி, என்னமும் செய்யி" என்றார். மனசு வந்து சொன்ன சரி இல்லை. ஆனாலும் சரிதான்.

வேங்கை மரம் எடுத்தேன். கட்டுகிற வீட்டின் முன்னாலேயே தார்ப்பாய் கட்டி வேலை. கட்டையின் நுனியை நாக்குப் போலச் செதுக்கி அடுத்த கட்டையின் துளைக்குள் இறக்க வேண்டும். தளர்ந்தாலும் கெட்டது, இறுகிப் பிளந்தாலும் கெட்டது. கடைசியில் டேப்பை மூலைக்கு மூலை பிடித்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒரே அளவு, கோணல் இல்லை. மாமியார் வந்து நிலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "சோறு ஆறுது" என்றார்.

எங்கள் பக்கம் நிலை வைக்கும் நாளில் ஒரு முறை உண்டு. பூஜை முடிந்ததும் வீடு கட்டுகிறவர், நிலை செய்த ஆசாரிக்கும் கொத்தனாருக்கும் வேட்டி, துண்டு, வெற்றிலை பாக்கு வைத்துத் தட்டு கொடுப்பார். தட்டை வாங்கிக்கொண்டுதான் ஆசாரி நிலையில் கை வைப்பார். அன்றைக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சூடம் காட்டினோம். விடுப்பில் வந்திருந்த இவர் கொத்தனாருக்குத் தட்டு கொடுத்தார். அதோடு முடிந்தது. எல்லோரும் நிலையைத் தூக்க வந்துவிட்டார்கள். நான் நகரவில்லை.

"என்னட்டி நிக்குத, நேரம் போகுதுல்லா?"

"எனக்குத் தட்டு எங்க?"

"உனக்கு எதுக்குட்டி தட்டு? இது உன் வீடுல்லா?" என்று சொல்லிச் சிரித்தார். சித்தப்பாவும் சிரித்தார்.

"வீடு என் வீடுதான். நிலையச் செஞ்ச ஆசாரியும் நான்தான். தட்டு குடுக்காம நிலை ஏறாது."

விளையாட்டு இல்லை என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. நல்ல நேரம் முடியப்போகிறது, இப்போதா உன் வீம்பு என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். கேட்டு வாங்குவது அசிங்கமாகத்தான் இருந்தது. கேட்காமல் விட்டால், வீட்டில் இருக்கிறவள் கூடமாட ஏதோ செய்தாள் என்று ஆகிவிடும். அதைத் தாங்க முடியாது என்று பட்டது.

கொத்தனார்தான் வாயைத் திறந்தார். "அண்ணாச்சி, அவுக கேக்கது முறைதான்."

இன்னொரு வேட்டி வாங்கியிருக்கவில்லை. இவர் தன் தோளில் கிடந்த புதுத் துண்டை எடுத்து மடித்துத் தட்டில் வைத்தார். வெற்றிலை, பாக்கு, பழம் எடுத்து வைத்தார். இரண்டு கையாலும் பிடித்து என் முன்னால் வந்து நின்றார். கல்யாணமான நாள் முதல் 'ஏட்டி' என்பதைத் தவிர வேறு பேர் சொல்லி என்னைக் கூப்பிடாதவர்.

"வாங்கிக்கிடுங்க, ஆசாரி" என்றார்.

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. தட்டை வாங்கி மாமியார் கையில் கொடுத்தேன். பேசினால் அழுதுவிடுவேன் என்று தெரிந்தது. ஆனால் நிலையைத் தூக்க வேண்டுமே, பேசித்தான் ஆக வேண்டும்.

"நிலையோட வலது கால நீங்க பிடிங்க" என்று அவரிடம் சொன்னேன். "நான் சொன்ன பெறவுதான் தூக்கணும்."

அவர் குனிந்து வலது காலைப் பிடித்துக்கொண்டு, நான் சொல்வதற்காகக் காத்திருந்தார்.