தேவராஜ் அண்ணன் காபி குடித்த ஊர்கள்

போன மாதம் ஒரு காலை, கப்பலுக்குப் போகவேண்டிய காய்கறி மூட்டைகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது தேவராஜ் அண்ணனின் மகள் அழைத்தாள். “அத்தே, அப்பா போயிட்டாரு” என்றாள். தூக்கத்திலேயே உயிர் பிரிந்திருக்கிறது. ராயபுரத்தில் எங்கள் அலுவலகத்தில் அன்று யாருக்கும் கை ஓடவில்லை. ஆனாலும் சரக்கை ஏற்றி அனுப்பிவிட்டுத்தான் திருவொற்றியூரில் இருக்கும் அவர் வீட்டுக்குக் கிளம்பினோம். கப்பலைக் காக்க வைப்பது அவருக்குப் பிடிக்காது.

அவரை அறிந்தவர்களுக்கு அவருடைய காபி மக்குகளையும் தெரியும். எங்கள் அலுவலகத்திலிருந்து, துறைமுகத்தில் வந்து நிற்கும் கப்பல்களுக்கு அரிசி, காய்கறி, இறைச்சி கொண்டுபோகும் வேன் அவருடையது. ஒருமுறை ஒரு கப்பல் சமையற்காரர், மணிக்கூண்டு படம் போட்ட காபி மக் ஒன்றை அன்பளிப்பாகக் கொடுத்தார். அன்றிலிருந்து அவருக்கு அது பித்தாகிவிட்டது. இஸ்தான்புல் மசூதி, சிங்கப்பூர் சிங்கம், டர்பன் கடற்கரை என்று கப்பல்காரர்கள் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். “வூட்ல ஏற்கெனவே ஒரு மக்கு கீது, இன்னும் எத்தினி?” என்று அமுதா அண்ணி கேட்பார். அண்ணன் சிரித்துக்கொண்டே அலமாரியில் இடம் ஒதுக்குவார். எதையும் அவர் காட்சிக்கு வைக்கவில்லை. “குடிக்காத மக்கு வெறும் பொம்ம” என்பார். வீட்டுக்குப் போனால், யாருக்கு எந்த ஊர் என்று அவரே முடிவு செய்வார். ஒருநாள் நான் தலைவலியோடு போனபோது, அமைதியான ஏரி ஒன்று இருக்கும் ஊரைத் தேடி எடுத்துக் கொடுத்தார்.

ஒரு மழைக்காலத்தில் சடையங்குப்பத்துக்குள் தண்ணீர் புகுந்து, ஜனங்களைப் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருந்தார்கள். டீ போட ஆள் இருந்தது, ஊற்றிக் கொடுக்கப் பாத்திரம் இல்லை. அண்ணன் அலமாரியைக் காலி செய்து, பழைய புடவைகளில் சுற்றி, எல்லா மக்குகளையும் வேனில் ஏற்றிவிட்டார். அண்ணி தடுத்துப் பார்த்தார், கேட்கவில்லை. நானும் கூடப் போனேன். வீட்டை இழந்துவிட்டு ஈரத்தில் உட்கார்ந்திருந்தவர்கள், கையில் சூடு ஏறியதும் மக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். இது எந்தக் கோயில் என்று ஒரு பெரியவர் கேட்டார். அண்ணன் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அந்த ஊரைப் பற்றி மாலுமிகள் சொன்னதையெல்லாம் சொல்லத் தொடங்கினார். சற்று நேரத்தில் ஏழெட்டுப் பேர் சுற்றிக் கூடிவிட்டார்கள். திரும்பி வந்தபோது பல மக்குகள் குறைந்திருந்தன. அண்ணி வருத்தப்பட்டதற்கு அவர் சொன்ன பதில் இவ்வளவுதான்: “ஊர் பாக்கப் போயிருக்கும், வுடு.”

அவர் வாழ்க்கையில் பெரிய வேலை அதற்குப் பிறகுதான் வந்தது. ஒரு பிலிப்பைன்ஸ் சமையற்காரர், மணிலா மக் ஒன்றைக் கொடுத்துவிட்டு, உங்கள் ஊர் மக் ஒன்று கொடுங்கள் என்று கேட்டார். அண்ணனிடம் இல்லை. கடைகளில் தேடினோம். எல்லா மக்கிலும் சென்ட்ரல் ரயில் நிலையம், கலங்கரை விளக்கம், கபாலீசுவரர் கோபுரம். எண்ணூரில் பிறந்தவருக்கு அதில் ஒன்றும் இல்லை. தானே ஒன்று செய்துவிடுவது என்று தீர்மானித்தார். எண்ணூர் அனல்மின் நிலையப் புகைக்கூண்டுகளைப் படமெடுத்து, தண்டையார்பேட்டையில் ஒரு கடையில் கொடுத்து, மாதிரிக்கு ஒன்று அச்சடித்து வாங்கினார்.

அதை முதலில் காட்டியது ஏழுமலையிடம். ஏழுமலை அவருடைய பால்ய சிநேகிதர், எண்ணூர் ஆற்றில் இறால் பிடிப்பவர். மக்கை வாங்கிப் பார்த்தவர் முகம் மாறிவிட்டது.

“எங்க ஆத்துல சாம்பலக் கொட்னதே இதானே. இத்தப் பாத்துக்கினே காப்பி குடிப்பியா நீ?”

“அத்த மறைச்சிட்டுப் படம் போட்டா, அது நம்ம ஊரா?” என்று அண்ணனும் விடவில்லை.

மக்கைக் கீழே வைத்துவிட்டு ஏழுமலை எழுந்து போய்விட்டார். பல வாரங்கள் பேச்சில்லை. அண்ணன் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று அண்ணி என்னிடம் சொன்னார். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனே ஆற்றங்கரைக்குப் போய் நின்றார். “நீ எங்கேர்ந்து பாக்குறியோ அங்க கூட்டினு போ. அத்தப் போட்றேன்” என்றார். ஏழுமலை படகைத் தள்ளினார். கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து, கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்கள் இருக்கும் இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். அவர்களிடம் கேட்டுக்கொண்டுதான் அண்ணன் படம் எடுத்தார். அவர்கள் முகங்கள் முன்னால் பெரிதாக, சிரித்துக்கொண்டிருந்தன. புகைக்கூண்டுகள் பின்னால் சிறிதாக நின்றன.

கடைக்காரர், கீழே சென்னை என்று போடலாமா என்று கேட்டார். எண்ணூர் என்றுதான் போட வேண்டும், அதுவும் தமிழில், என்றார் அண்ணன். முதல் மக்குகள் படத்தில் இருந்த பெண்களுக்குப் போயின. அந்தக் கப்பல் மறுபடி வந்தபோது ஒன்று சமையற்காரருக்குப் போனது. சில வாரம் கழித்து, நடுக்கடலில் தன் சமையலறை ஜன்னலோரம் அது இருப்பதைப் படமெடுத்து அவர் அனுப்பினார். அண்ணன் அதை ஏழுமலையிடம் காட்டினார். ஏழுமலை வெகுநேரம் பார்த்துவிட்டு, “நம்மாளுங்க நல்லாக் கீறாங்க” என்றார். அதன் பிறகு எந்தக் கப்பலுக்கும் அண்ணன் வெறுங்கையோடு போகவில்லை. அவர் அனுப்பிய எண்ணூர்கள் இன்று எத்தனை கடல்களில் இருக்கின்றன என்று எங்களுக்குத் தெரியாது.

அவருடைய பாடையை முன்னால் நின்று தூக்கியவர் ஏழுமலை.

போன வாரம் அடையாறில் ஒரு கல்யாணம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், எனக்கு எந்தப் பக்கம் என்று கேட்டார். எண்ணூர் என்றேன். “அங்கே ஒரே புகையாச்சே” என்றார். புகை உண்டு, அதை எதிர்த்துப் பேசும் ஜனங்களும் உண்டு, காலையில் ஆற்றிலிருந்து வரும் இறாலுக்கு நிகர் கிடையாது, ஒருநாள் வந்து பாருங்கள் என்றேன். குரலைத் தாழ்த்தாமல், எதையும் ஒளிக்காமல் ஊரைச் சொல்லும் அந்தப் பேச்சு தேவராஜ் அண்ணனுடையது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான். அந்த அம்மாள் வருகிற ஞாயிற்றுக்கிழமை வருகிறார்.