விசா வந்திட்டுதெண்டு சிரிச்ச கதை

ஊர்காவற்றுறைத் துறையிலை வள்ளம் வரும்வரைக்கும் ஒரு உண்மைக் கதை சொல்லுறன், கேளுங்கோ. ஒரு சொட்டுப் பொய்யுமில்லை. சரி, முறைக்காதையுங்கோ, ஆட்டின்ரை அளவை மட்டும் கொஞ்சம் இழுத்திருக்கிறன்.

கரம்பொன்னிலை தேத்தண்ணிக் கடை வைச்சிருக்கிற கதிர்காமுவைத் தெரியும்தானே? அந்தாள் இங்கை பகிடி விட்டால் எழுவைதீவிலை கோழி முழிக்கும். அவற்றை கூட்டாளி குலசிங்கம், பொயிலைத் தோட்டக்காரர். மனிசி செத்திட்டா, மகள் கனடாவிலை.

போன மாசியிலை குலசிங்கம் ஒவ்வொண்டாக் குடுக்கத் தொடங்கினார். தண்ணி இறைக்கிற மிசின் பக்கத்து வளவுக்கு, அலுமாரி தங்கச்சியின்ரை மகளுக்கு. கதிர்காமுவுக்கு எருமையளவிலை ஒரு ஆட்டுக்கிடாய். எங்கடை தீவிலை ஆர் சாமான் குடுத்தாலும் ஒரே அர்த்தம்தானே: வெளிநாட்டுக்குப் போறார், நாவூறு படுமெண்டு வாய் திறக்கேல்லை.

"ஓய் குலசிங்கம், விசா விழுந்திட்டுதோ? பார்ட்டி எப்ப?"

"எனக்கு இனி ஒண்டும் தேவையில்லை கதிர்காமு. ஒருத்தருக்கும் பாரமா இருக்கமாட்டன்."

"பிளேனுக்குத்தான் பாரம்!"

கடை முழுக்கச் சிரிச்சுது. குலசிங்கம் தேத்தண்ணியைத் தொடாமல் எழும்பிப் போனார். ஒரு மாசமாச் சீட்டு விளையாட வரேல்லை, சவரமில்லை, ஆள் பாதியாயிட்டார். அதுக்கும் கதிர்காமு, "கனடாக் குளிருக்குத் தாடி வளக்கிறார்" எண்டார்.

வீடு வீடா வந்து சுகம் பாக்கிற குடும்பநல மாது துஷாந்தினி மட்டும் சிரிக்கேல்லை. நேரை அவற்றை வீட்டை போனாள்.

"மாமா, பாஸ்போட்டைக் காட்டுங்கோ."

பாஸ்போட் எடுத்தால்தானே காட்டுறதுக்கு. அவள் பக்கத்திலை குந்தியிருந்து, "சாகிற யோசினை வருதோ?" எண்டு நேரை கேட்டாள்.

மனுசன் விக்கி விக்கி அழுதிட்டார். "ஓம் பிள்ளை. நீதான் முதல் கேட்டனி."

அவள் அவரைத் தனிய விடேல்லை, அண்டைக்கே ஆசுப்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். இப்ப கிளினிக்குக்குப் போய் வாறார். நித்திரை வருது, சோறு இறங்குது.

அண்டைக்குச் சேதி கேட்ட கதிர்காமு கடையைப் பூட்டிப்போட்டு ஆசுப்பத்திரிக்கு ஓடினார். கட்டிலடிக்குப் போய், நிமிந்து பாக்க ஏலாமல் தன்ரை செருப்பையே பாத்துக்கொண்டு நிண்டார்.

"சொன்னனான்தானே கதிர்காமு," எண்டு குலசிங்கம் கையைப் பிடிச்சார். "நீர் சிரிச்சனீர்."

கோவமில்லாமல் சொன்னது, அறைஞ்சதை விட நொந்துது.

"உப்பிடி நேரை கேட்டால் இல்லாத எண்ணமும் வந்திடும்!" எண்டு, வள்ளத்துக்கு நிண்டு கதை கேட்ட நல்லம்மா அக்கா குறுக்கை விழுந்தா.

"வராது எண்டு துஷாந்தினிப் பிள்ளையே சொன்னவள்," எண்டார் அதிலை நிண்ட நாகமுத்து அண்ணை. "கேட்டபடியாத்தான் மனுசன் உசிரோடை இருக்கிறார்."

"அப்ப அவற்றை வேலிக்கு அங்காலை இருந்த நீர் ஏன் கேக்கேல்லை?"

"அவற்றை குசினியிலை புகை எழும்பேல்லையெண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சது ஆர்? நீர்தானே! ஒரு கோப்பை சோறு குடுத்தனீரோ?"

"ஆரைப் பாத்துக் கேக்கிறீர்?" எண்டு அக்கா பையை நிலத்திலை எறிஞ்சா. வள்ளம் வந்து கூப்பிட்டும் ஒருத்தரும் ஏறேல்லை.