சோடா சுட்ட பிறந்தநாள் பிஸ்கட்

பேக்கரியில் அவரை எல்லாரும் "சோடா" என்றுதான் கூப்பிடுவார்கள். சமையல் சோடா விஷயத்தில் கை அவ்வளவு தாராளம். மாஸ்டர் கால் ஸ்பூன் என்றால் இவர் கை அரை ஸ்பூனில்தான் நிற்கும். கேட்டால், "பிஸ்கட்னா கொஞ்சம் நெஞ்ச நிமித்திக்கிட்டு நிக்க வேணாமா?" என்பார்.

ஊருக்கெல்லாம் பிஸ்கட் சுட்ட மனிதருக்கு ஒரே குறை. சொந்த மகளுக்கு அதில் ஒன்றைக்கூடக் கொடுக்க முடியாது. வேர்க்கடலை, முந்திரி, பாதாம் எது பட்டாலும் அவளுக்கு உதடு வீங்கும், மூச்சுத் திணறும். பேக்கரியில் இவை படாத தட்டே கிடையாது. வகுப்பில் யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் எல்லாரும் ஒரே டப்பாவில் கை விடுவார்கள். இவள் மட்டும் மூலையில் உட்கார்ந்து தன் டப்பாவைத் திறப்பாள். அதை நினைத்தாலே அவருக்கு மனசு ஆறாது.

அவள் பிறந்தநாளுக்கு மனிதர் வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினார். சூரியகாந்தி விதை அவளுக்கு ஒத்துக்கொள்ளும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தோல் நீக்கிய விதையை வீட்டிலேயே பொன்னிறமாக வறுத்து, எண்ணெய் கசியும்வரை விழுதாக அரைத்து, மாவோடு பிசைந்து சுட்டெடுத்தார். மணம் தெருமுனைவரை போனது. மகளுக்காயிற்றே என்று சோடாவை வழக்கத்தைவிட ஒரு சிட்டிகை கூடவே போட்டிருந்தார்.

காலையில் ஒன்றைப் பிட்டுப் பார்த்த மனைவி அலறினாள்.

"என்னங்க இது, உள்ள பச்சைப் பசேல்னு இருக்கு! பூசணம் பூத்துடுச்சா?"

அவர் ஓடி வந்து பார்த்தார். மாஸ்டருக்குப் போன் போட்டார். மாஸ்டர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"சோடாவ அள்ளிக் கொட்டினியா? அந்த விதையோட சோடா கூடிப்போனா, ஆறினதும் பச்சையாத்தான் ஆகும். தைரியமா சாப்பிடலாம்யா."

"சாப்பிடலாம், சரி. யாரு தொடுவா?" என்று அவர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

மகள் டப்பாவை எடுத்து மூடினாள். "நான் சாப்பிடலாம்ல? அப்ப கொண்டுபோறேன்."

அன்று அவருக்கு வேலையே ஓடவில்லை. சாயங்காலம் பள்ளி வாசலில் மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். போச்சுடா என்று நினைத்தார்.

"என்னம்மா, யாருமே தொடலையா?"

காலி டப்பாவை அவர் கையில் திணித்தாள். "கிளி பிஸ்கட், கிளி பிஸ்கட்னு எல்லாரும் பாய்ஞ்சு எடுத்துட்டாங்கப்பா. எனக்கு ஒண்ணுகூட மிச்சம் வைக்கல!"

அவருக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. இத்தனை நாள் மூலையில் தனியே சாப்பிட்ட பெண், இன்று எல்லாரோடும் முட்டி மோதி, பங்கு கிடைக்காமல் வந்திருக்கிறாள். அந்தச் சந்தோஷத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றே அவருக்குத் தெரியவில்லை.

"சிரிக்காதீங்கப்பா" என்று அவள் முறைத்தாள். "அடுத்த தடவை நிறைய சுடுங்க. சோடாவக் குறைச்சிடாதீங்க."