பந்தயத் திடலில் நான் சொன்ன பொய்

கர்க்லாண்டில் எங்கள் கராஜில் இரண்டு பனிக்காலமாகத் திருத்திய பழைய காரை, ஒரு பந்தயத் திடலில் ஓட்டக் கூப்பிட்டார்கள். தொடக்கத்தில் பந்தயக் கார்களுக்கு முன்னால் மெதுவாகப் போய் அவற்றை வரிசைப்படுத்த வேண்டும்.

“யார் திருத்தியது?” அறிவிப்பாளர் மைக்கை நீட்டினார்.

“நான்தான்” என்றேன்.

பக்கத்து இருக்கையில் என் மனைவி இருந்தாள். எஞ்சினைக் கழற்றிப் பூட்டியது அவள். நான் பெயின்ட் மட்டும்தான் அடித்தேன்.

சனம் கைதட்டியது. இரண்டாம் சுற்றில், “எஞ்சின் சூடாகுது, கியரை மாத்துங்கோ” என்றாள். மாற்றினேன். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

இறங்கியதும் மைக்கைக் கேட்டு வாங்கி, அந்த ஊர்ச் சனத்துக்கு விளங்க அவர்களுடைய பிரெஞ்சிலேயே, அரைகுறையாக உண்மையைச் சொன்னேன். அடுத்த பந்தயத்துக்கு, “நீர் ஓட்டும்” என்று சாவியைக் கொடுத்தேன்.

“ஓம், தாங்கோ.”

இருபது வருடத்தில் அவளுடைய எந்தெந்த வேலையை என்னுடையதாகச் சொல்லியிருப்பேன் என்று வேலியோரம் நின்று யோசித்தேன். எண்ண எண்ணக் கனக்க இருந்தது.