கட்டை வைத்தவன் நான்தான்

காலி எண்ணெய் டின்மேல் மெதுவாக ஏறி நின்று பாருங்கள். முதலில் ஒன்றும் கேட்காது. டின் உங்களைத் தாங்கிவிட்டது என்றே தோன்றும். பிறகு "மொடுக்"கென்று ஒரே ஒரு சத்தம், அவ்வளவுதான். எழுபதுகளின் கடைசியில், ராசிபுரத்திலிருந்து வெண்ணந்தூர் போகும் சாலையில் எங்கள் வீட்டு வாசலுக்கு எதிரே அந்தச் சத்தத்தை ஒரு கறுப்பு அம்பாசடர் காரின் அடியிலிருந்து கேட்டேன். எனக்கு அப்போது பதினொரு வயது. இன்றைக்கு நினைத்தாலும் காது மடல் சூடாகிறது.

எழுதுகிறவன் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். சேலம் ரோட்டில் இன்று என் பெயரில் மூன்று பட்டறை இருக்கிறது, நாலு லாரி ஓடுகிறது, நசுங்கிய வண்டியை எங்கே நேராக்கலாம் என்று நாமக்கல் வரைக்கும் யாரைக் கேட்டாலும் என் வாசலைத்தான் காட்டுவார்கள். பெருமைக்குத்தான் சொல்கிறேன். சம்பாதித்த பெருமையைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கம் கிடையாது. ஆனால் இத்தனைக்கும் முன்னால் என் பெயர் "கட்டை"யாக இருந்தது. அது எப்படி வந்தது, நியாயமா என்பதுதான் இந்தக் கதை.

என் அப்பா லாரி டிரைவர். வண்டி நாமக்கல் முதலாளி ஒருவருடையது. லோடு கிடைக்கும்வரை லாரியை வீட்டோரம் நிறுத்திவிட்டு இரண்டு மூன்று நாள் தங்குவார். அந்தத் தடவை திங்கட்கிழமை காலையில் ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு பம்பாய் கிளம்பவேண்டும் என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தான். அந்தக் காலத்தில் லாரியை டிரைவர் கையில் கொடுக்கும்போது ஸ்டெப்னி, ஜாக்கி, தார்ப்பாய், கயிறு என்று ஒவ்வொன்றாகக் காட்டித்தான் கொடுப்பார்கள். ஒன்று குறைந்தாலும் அடுத்த லோடுக்கு வேறு டிரைவர்.

வெள்ளிக்கிழமை காலை அந்தக் கார் எங்கள் வாசலில் பின்சக்கரம் பஞ்சராகி நின்றது. ஓட்டி வந்தவர் வெண்ணந்தூர்ப் பக்கத்துத் தறி முதலாளி. அவருடைய டிரைவர் லீவில் போனவன் ஜாக்கியை எங்கே வைத்தானோ, டிக்கியில் இல்லை. உதவி என்று கேட்டார். அப்பா லாரியின் ஜாக்கியை, பாட்டில் மாதிரி நிமிர்ந்து நிற்கிற வகை, எடுத்துக்கொண்டு போய்ச் சக்கரத்துக்குப் பின்னால் மண்ணில் படுத்தார், அச்சுக்கு அடியில் வைப்பதற்காக. இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

"அடியில பூந்துக்கிட்டு நேரமாக்காதப்பா. பக்கவாட்டுல கதவுக்குக் கீழ வெய்யி. எங்க டிரைவரு அப்படித்தான் தூக்குவான்" என்றார் முதலாளி, டிரைவர் சீட்டில் உட்கார்ந்தபடியே.

"அப்படீன்னா கொஞ்சம் எறங்கிக்கறீங்களா?"

"வெள்ளை வேட்டி கட்டிட்டு மண்ணுல நிக்கச் சொல்றயா? ரெண்டு நிமிசம், தூக்கு."

அப்பா இரண்டு கதவுகளுக்கும் நடுவே, கீழே மண்ணைப் பறித்து ஜாக்கியை நிறுத்தினார். முதலாளி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "கட்டை வெச்சாச்சா?" என்று கேட்டார்.

"வெச்சாச்சுங்க!" என்று கத்தியவன் நான். முன்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு கட்டைகளை நானே இறுக்கி வைத்திருந்தேன். லாரிக்காரன் வீட்டில் கட்டை என்றால் அது ஒன்றுதான்: வண்டி உருளாமல் சக்கரத்துக்குக் கொடுக்கிற கட்டை. கார்க்காரர்கள் ஜாக்கித் தலைக்கும் வண்டியின் தகட்டுக்கும் நடுவே ஒரு மரத்துண்டு வைப்பார்கள் என்பதும், அதற்கும் கட்டை என்றே பெயர் என்பதும் எங்களுக்கு யார் சொன்னது?

அப்பா ஜாக்கிக் கம்பியை நாலு தடவை அடித்திருப்பார். சக்கரம் தரையை விடவில்லை. "மொடுக்". ஜாக்கித் தலை தகட்டுக்குள் இரண்டு விரற்கடை புகுந்துவிட்டது. முதலாளி கதவைத் தள்ளினார். கீழ் விளிம்பு மேலேறிக் கதவைக் கவ்விக்கொண்டதால் அது திறக்கவில்லை. அந்த நீளமான சீட்டில் நகர்ந்து நகர்ந்து இடப்பக்கக் கதவு வழியாக இறங்கினார். அந்தப் பக்கம் சாக்கடை. மண் படக்கூடாத வேட்டியில் முழங்கால் வரைக்கும் சேறு.

"கட்டை வெய்யின்னு சொன்னனே, காது கேக்கலயாடா?"

"இதா இருக்குதுங்களே" என்று சக்கரத்தைக் காட்டினேன்.

"அது கட்டையாடா? ஜாக்கித் தலையில வெக்கறதுடா கட்டை! லாரிக்காரன் புத்தி லாரிக்காரன் கிட்டதான இருக்கும்!"

தலையில் என்று அவர் சொன்னாரா? அச்சில் வைக்கப் போனவரைத் தடுத்தது யார்? ஆளும் எடையுமாக உள்ளே உட்கார்ந்திருந்தது யார்? இந்த மூன்று கேள்வியில் ஒன்றைக்கூட அப்பா கேட்கவில்லை. "சரி பண்ணித் தந்தர்றனுங்க" என்றார். முதலில் வைக்கப் போன அதே அச்சுக்கு அடியில் ஜாக்கியை வைத்துச் சக்கரத்தை மாற்றிக் கொடுத்தார். முதலாளி அந்த ஜாக்கியை எடுத்துத் தன் டிக்கியில் போடச் சொன்னார். "வண்டி பழையபடி வந்தா ஜாக்கி வரும்."

மறுநாள் விடிந்ததும் அப்பா அவர் வீட்டுக்குப் போய்க் காரை வாங்கி, ராசிபுரத்தில் டிங்கர் பட்டறை வைத்திருந்த பெரியப்பாவிடம் கொண்டுபோனார். பெரியப்பா குனிந்து பார்த்துவிட்டு, "லாரிக்கு எலும்பு தனி, சட்டை தனி. காருக்குச் சட்டைதான்டா எலும்பு" என்றார். லாரிக்கு அடியில் தாங்குவதற்குத் தனி இரும்புச் சட்டம் உண்டு, காருக்கு மேல்தகடேதான் தாங்கவேண்டும். கதவுக்குக் கீழே ஓடும் அந்தப் பகுதி நாலு பக்கமும் மூடிய பெட்டி. உள்ளே கை போகாது, சுத்தியல் போகாது. பள்ளத்தில் பட்டி என்கிற பசையை அப்பித் தேய்த்துப் பெயிண்ட் அடித்தால் ஒரு மணி நேர வேலை. பார்க்கிறவனுக்குத் தெரியாது, ஆனால் உள்ளே தண்ணீர் நின்று துருவேறும். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. நசுங்கிய விளிம்பைக் குறடால் பிடித்து இழுத்து நேராக்கினார்கள். தகட்டை மூன்று பக்கம் வெட்டி மூடி போலத் திறந்து, பின்னால் கனத்த இரும்பைக் கொடுத்து, அப்பா ஒரு பக்கமும் பெரியப்பா ஒரு பக்கமுமாகத் தட்டித் தட்டிப் பள்ளத்தை எடுத்தார்கள். திரும்ப மூடிக் கேஸ் வெல்டிங் வைத்து, அரத்தால் ராவி, கண்ணால் பார்க்காமல் உள்ளங்கையால் தடவித் தடவிப் பார்த்தார்கள். கதவை ஒற்றை விரலால் தள்ளினால் "டப்"பென்று பொருந்தியது. ஞாயிறு மத்தியானம் கறுப்புப் பெயிண்டும் காய்ந்துவிட்டது.

காரைத் திருப்பிக் கொடுக்கப் போகும்போது அம்மாவும் ஏறிக்கொண்டாள். "அந்தாளு லேசுல குடுக்க மாட்டாரு. நானும் வாரேன்" என்றாள். அவள் சொன்னபடியே நடந்தது. முதலாளி கதவைத் திறந்து மூடினார், சுற்றி வந்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"பட்டி வெச்சுப் பூசியிருப்பீங்க. ஒரு மழை போவட்டும், தெரியும். அதுவரைக்கும் ஜாக்கி இங்கயே கெடக்கட்டும்."

அப்பாவின் முகம் செத்துப்போனது. விடிந்தால் பம்பாய். அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"ஏனுங்க, பட்டி வெச்ச எடத்தத் தொட்டுக் காட்டுங்க."

"என்னது?"

"நசுங்குனது எந்த எடம்னு விரலு வெச்சுத் தொட்டுக் காட்டுங்க. சரியாத் தொட்டுட்டீங்கன்னா ஜாக்கி மட்டுமில்ல, எங்கூட்டுக்காரரையும் இங்கயே தறிக்கு விட்டுட்டுப் போறேன்."

வாசலில் நின்ற தறிக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். முதலாளிக்கு வேறு வழியில்லை. குனிந்து முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை தடவினார், திரும்பி வந்தார், மறுபடி போனார். கடைசியில், பஞ்சரானது பின்சக்கரம்தானே என்ற கணக்கில், பின்கதவின் கடைக்கோடியில் விரலை வைத்து, "இங்கதான்" என்றார்.

"அது வண்டி வந்தப்ப இருந்த மாதிரியே இருக்குதுங்க. நாங்க கையே வெக்கல" என்றார் அப்பா.

"சேத்துல எறங்குன எடமாவது நெனப்பிருக்குதுங்களா?" என்றாள் அம்மா.

ஜாக்கி வந்தது. கையில் கொடுக்கவில்லை, வாசல் மண்ணில் வீசினார். அம்மா எடுத்து முந்தானையால் துடைத்தாள். திங்கட்கிழமை லாரி கிளம்பியது, ஓட்டிக்கொண்டு போனவர் என் அப்பாதான்.

ஆனால் அந்த மனிதர் வாய் சும்மா இருந்ததா? போகிற இடமெல்லாம் "கட்டைன்னா என்னன்னு தெரியாத டிரைவரு" என்று சொல்லிச் சிரித்தார். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் முதல் எல்லோருக்கும் நான் "கட்டை". பழுது பார்த்த கதையை ஒருவனும் சொல்லவில்லை. அந்தக் கோபத்தில்தான் பெரியப்பா பட்டறைக்குப் போனேன். இப்போதும் சொல்கிறேன்: நான் வைத்த கட்டை சரியான கட்டை.

இன்றைக்கு அந்தக் கார்கள் இல்லை. பெரியப்பாவின் பட்டறை இருந்த இடத்தில் செல்போன் கடை. இப்போதைய கார்களில் ஜாக்கியை எங்கே வைக்கவேண்டும் என்று அடியிலேயே குறி போட்டிருக்கிறார்கள். அதையும் விட்டுவிட்டு ஒரு சாண் தள்ளி வைக்கிறார்கள். போன மாதம் என் மகளின் புதுக் காரை, வாரண்டிக்காக அவள் சர்வீசுக்கு விட்ட சேலத்துக் கம்பெனிக் கடையில் அப்படித்தான் நசுக்கி, பட்டி அப்பி, பெயிண்ட் அடித்து அனுப்பிவிட்டார்கள். காரை ஓட்டிக்கொண்டு நேரில் போய்க் கேட்டேன். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் எழுந்திருக்கக்கூட இல்லை. "அடியில யாரு சார் குனிஞ்சு பாக்கப் போறாங்க?"

எனக்கு இடுப்பு வலி. குனியவில்லை, அவர் கண் முன்னாலேயே காரோரம் தரையில் உட்கார்ந்தேன். கண்ணை மூடிக்கொண்டு முன்சக்கரத்திலிருந்து தடவினேன். ஒரு முழம் போவதற்குள் விரல் இடறியது.

"இங்கதான்" என்றேன். "வெட்டித் திற."