இஸ்டோர்க் கானின் தண்ணீர்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதி. பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் ஆஸ்பத்திரியில் நான் மருந்து கொடுப்பவனாக இருந்தேன். பள்ளத்தில் தொழிலாளர் வரிசை வீடுகளான பணிய லயத்துப் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் ஓயவேயில்லை. மருந்து கொடுத்தால் நிற்கும். பிறகு திரும்ப வரும். மேட்டு லயத்தில் அந்த நோய் இல்லை.

பணிய லயத்தார் குடித்தது ஓர் ஓடையிலிருந்து பீலி வழியாக ஒழுகி விழும் தண்ணீர். அந்த ஓடையில்தான், கொஞ்சம் மேலே, தேயிலைத் தொழிற்சாலையின், அதாவது இஸ்டோரின், கழிவுநீர்க் கான் வந்து விழுந்தது. தரை கழுவிய நீர், இயந்திர எண்ணெய், கக்கூஸ் கசிவு எல்லாம் அதில் வரும். தோட்டத்தை நடத்திய தொரையிடம் போய்ச் சொன்னேன். தேயிலை கழுவிய தண்ணீரால் யாரும் செத்ததில்லை என்றார். முடிந்தால் நிரூபித்துக் காட்டு என்றும் சொன்னார். அந்தக் கடைசிப் பேச்சை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

தோட்டத்துக்கு வந்துபோகும் டாக்டர், கொழும்பில் ஓர் இரசாயனப் பரிசோதகரிடம் பேசிவைத்தார். மாதிரி எடுக்கும் முறையையும் எனக்கு விளக்கினார். கண்ணாடி மூடியுள்ள போத்தலை அமிலம் விட்டுக் கழுவி, காய்ச்சிய நீரில் அலச வேண்டும். கான் தண்ணீரை ஒரே தடவையில் எடுக்காமல், வேலை முடியும்வரை விட்டுவிட்டு மொண்டு ஒன்றாகக் கலக்க வேண்டும். கெடாமலிருக்கச் சில சொட்டுக் குளோரோபாம் விட வேண்டும்.

முறைப்படி இஸ்டோரின் பொறுப்பாளரான டீமேக்கரிடம் சொல்லிவிட்டுப் போனேன். போய்ப் பார்த்தால் கானில் பளிங்கு போலத் தண்ணீர் ஓடியது. "இன்னிக்குக் கழுவலீங்க, அதான்" என்றார் சிரித்துக்கொண்டே. வெறும் போத்தல்களோடு திரும்பினேன்.

அன்று மாலை ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். இஸ்டோரில் தேயிலைத் தூளிலிருந்து காம்பு பொறுக்குகிறவள். மூத்த பிள்ளையை முந்தின மழைக்காலத்தில் இதே நோய்க்குப் பறிகொடுத்திருந்தாள். இப்போது சின்னதற்கும் அதே நோய்.

"ஐயா, நல்ல தண்ணிய கானுல தொறந்து வுட்டத நான் பாத்தேங்க. போத்தலக் குடுங்க, கழுவுறப்ப நானே மொண்டாந்துர்றேன்."

"தெரிஞ்சா ஒன் வேல போயிரும்மா."

"புள்ளயே போயிருச்சு. வேல போனா போவட்டுங்க."

அவளை முன்னால் தள்ளிவிட்டு நான் பின்னால் நிற்க மனம் வரவில்லை. "மொள்ள வேண்டியது நானு. கழுவ ஆரம்பிச்சதும் நீ வாசல்ல வந்து நில்லு, அது போதும்" என்றேன்.

மழைநீர் கலந்தால் மாதிரி பயன்படாது. அதனால் மழை ஓயும்வரை காத்திருந்தோம். மழை விட்ட ஒரு நாள், யாரிடமும் சொல்லாமல் கானோரம் போய் நின்றேன். அவள் இடுப்பில் கட்டிய சாக்குப் படங்கில் கையைத் துடைத்தபடி வாசலுக்கு வந்தாள். சற்று நேரத்தில் துருநிறத்தில் நுரைத்துக்கொண்டு தண்ணீர் இறங்கியது. மேலே எண்ணெய் மினுங்கியது. கொண்டுபோன பெரிய போத்தலில் மொள்ளத் தொடங்கினேன்.

டீமேக்கர் ஓடிவந்தார். "என்னங்க இது, சொல்லாம கொள்ளாம?"

"சொல்லிட்டு வந்தா தண்ணி தெளிஞ்சிருதுங்களே."

"தொரைகிட்டச் சொல்லுவேன்!"

"சொல்லுங்க. நிரூபிக்கச் சொன்னதே அவருதான்."

கால்களில் அட்டை ஏறியது. கழுவி முடியும்வரை நான் நகரவில்லை. பிறகு பீலியிலும் தனியாக ஒரு போத்தல் பிடித்தேன். ஆஸ்பத்திரியில் என் உதவியாளர் கான் தண்ணீரைத் துணியில் வடிகட்டப் போனார். "வேணாம், அந்த அழுக்கத்தான் அவுங்க பாக்கணும்" என்று தடுத்தேன். அடிவண்டல் கலங்கும்படி நன்றாகக் குலுக்கிப் போத்தல்களில் நிரப்பினேன். குளோரோபாம் விட்டு, மூடிக்கு மெழுகு பூசி, எது எங்கே எடுத்தது என்று எழுதி ஒட்டி, மரத்தூள் பெட்டியில் வைத்தேன். அட்டன் போகும் பஸ்ஸில் ஒவ்வொரு வளைவிலும் பெட்டியை மடியோடு அணைத்துக்கொண்டேன். கொழும்பு ரயிலில் அதை ஏற்றிவிட்ட பிறகுதான் பசியே தெரிந்தது.

கானில் இருந்த அசுத்தமே பீலியிலும் இருப்பதாகப் பரிசோதகர் தெரிவித்தார். அவர் எழுதியதைத் தொரை இரண்டு தடவை படித்தார். பிறகு, இஸ்டோருக்கு மேலிருந்து பணிய லயத்துக்குக் குழாய் இறக்க உத்தரவிட்டார்.

வாசலில் வந்து நின்றது தெரிந்துபோய், அந்தப் பெண்ணை இஸ்டோரிலிருந்து மலையில் கொழுந்து பறிக்கும் கடின வேலைக்கு மாற்றினார்கள். அவளுக்காக நான் பேசிப் பார்த்தும் ஒன்றும் ஆகவில்லை. ஒருநாள் வழியில் கண்டு, மனசு சங்கடமாக இருக்கிறது என்றேன்.

"அட விடுங்கய்யா" என்றாள். "வயித்தோட்டம் நின்னு, புள்ள இப்ப சோத்துக்கு அழுவுது. அதுக்கு ஆக்கிப் போடவே எனக்கு நேரம் பத்தல."

கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு மலையேறினாள்.