வச்சிரம் பூசிய சுருள்

திண்டிவனத்தில் நிலக்கடலை மண்டி வைத்திருந்த சமணரான ஸ்ரீபால நயினாரின் மகன் ஜீவேந்திரன் சினிமா படிக்கப் போனபோது, ஊரில் யாருக்கும் அது ஒரு படிப்பாகவே தெரியவில்லை. மல்லாட்டை மூட்டை கொண்டுவந்தவர்கள் மண்டியில் உட்கார்ந்துகொண்டு, "பி.ஏ. படிச்ச புள்ள, ஷூட்டிங்குல கொடை புடிக்கப் போவுதா நயினாரே?" என்று கேட்டார்கள். வடக்கே ஒரு கல்லூரியில் பட்டமேற்படிப்பு, அதில் ஓராண்டு பெல்ஜியத்தில், அங்கே ஆகும் செலவு அந்த நாட்டு அரசுடையது என்பதையெல்லாம் மகள் குணமதிதான் அப்பாவுக்குப் பக்குவமாக எடுத்துச் சொன்னாள். ஒரு வாரம் சொன்னாள். கடைசியில் நயினார் மகனைக் கூப்பிட்டார்.

"பொழுது சாயறதுக்குள்ள சாப்புடணும். தண்ணிய வடிகட்டிக் குடிக்கணும். வேற ஒண்ணும் நான் கேக்கல."

ஜீவேந்திரன் சொன்ன சொல் தவறவில்லை. பெல்ஜியத்தில் மார்கழி மாதம் நாலரை மணிக்கே இருட்டிவிடும். வகுப்பு முடிவதோ ஐந்துக்கு. மதியம் தின்ற ரொட்டியோடு மறுநாள் காலைவரை கிடப்பான். உடன் படித்தவர்கள் அவனுக்கு ஏதோ வியாதி என்று நினைத்தார்கள்.

அங்கே ஒரு நாள் வகுப்பையே ஓர் ஆலைக்கு அழைத்துப் போனார்கள். பிலிமுக்குப் பூசும் பசை அங்கேதான் தயாராகிறது. வாசலில் மாட்டெலும்பு குன்றுபோல் குவிந்து கிடந்தது. அருகில் கிடந்த காலிச் சாக்குகளில் சென்னைத் துறைமுகத்தின் முத்திரையைப் பார்த்ததும் ஜீவேந்திரனுக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை தூரம் வந்தும் நம்மூர் மாடு விடவில்லையே என்று நினைத்துக்கொண்டான். ஊருக்குப் போனதும் சொல்ல ஒரு கதை கிடைத்தது.

எண்பத்து நான்கு ஆவணியில் வீடு திரும்பினான். அன்று சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். ஜீவேந்திரன் உற்சாகமாக இருந்தான்.

"தச்சன் மரத்த ஒட்ட வச்சிரம் காய்ச்சுவான் இல்லப்பா, எலும்பும் தோலும் போட்டு? பிலிமும் அதேதான். நல்லா வடிச்சி எடுத்து, வெள்ளிய அதுல கலந்து தடவுறாங்க. உருவம் நிக்கிறதே அந்த வச்சிரத்துலதான்."

நயினாரின் கை இலையிலேயே நின்றது. பூஜை அலமாரி செய்தபோது வச்சிரச் சட்டியை வாசற்படிக்குள் விடாதவர் அவர். மர ஆணியே போதும் என்று தச்சரிடம் சண்டை போட்டவர்.

"போட்டோவுல?"

"அதுலயும் அதேதாம்பா. பேப்பர் மேல தடவிக்கிறாங்க, அவ்ளோதான் வித்தியாசம்."

குணமதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அப்ப இத்தினி வருசமா தாத்தா செவுத்துல எலும்பு மேலதான் சாஞ்சிக்கினு இருந்தாரா?"

நயினார் எழுந்து கை கழுவினார். மறுநாள் விடிந்ததும் சுவரிலிருந்த படங்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். தாத்தா, கல்யாணப் படம், குணமதியின் பள்ளிக்கூடப் படம், அவள் தாவணி போட்ட அன்று எடுத்தது. அலமாரிக்குள் தீர்த்தங்கரர் சிலையை எடுத்த போட்டோ ஒன்று இருந்தது. இருபது வருடமாகத் தினமும் அதற்குப் பூ வைத்திருந்தார். அதிலிருந்த பூவை எடுத்து வைத்துவிட்டுத்தான் அதைத் தொட்டார்.

"அப்பா, காலண்டர் மாதிரி அச்சடிச்ச படத்துல எலும்பு இருக்காது. அத்த விட்டுடலாம்," என்றான் ஜீவேந்திரன்.

"எதுல இருக்கு, எதுல இல்லன்னு இனிமே உன்னக் கேட்டுக்கினுதான் சாமி கும்புடணுமா?"

எல்லாவற்றையும் ஒரு வேட்டியில் கட்டிக் கிடங்கல் ஏரியில் விட்டுவிட்டு, குளித்துவிட்டு வந்தார்.

தை மாதம் மேல்சித்தாமூரிலிருந்து குணமதிக்கு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை பம்பாயில் பாங்கு வேலை. போட்டோ வேண்டும் என்று எழுதினார்கள். நயினார் முடியாது என்றார். போட்டோ காட்டப் பயப்படுகிறார்கள் என்றால் பெண்ணின் முகத்தில் ஏதோ கோளாறு என்று அங்கே பேச்சு எழுந்தது. வரன் நின்றுபோனது. சுற்றிச் சுற்றி அந்தப் பேச்சு குணமதியின் காதுக்கும் வந்தது.

"உம் படிப்பு எனக்கு நல்ல சீர் செஞ்சிதுண்ணா," என்றாள் அவள். அப்போதும் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

மாசியில் அவளுக்கு மஞ்சள் காமாலை கண்டது. கீழாநெல்லி கொடுத்தார்கள், பிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பங்குனி பிறக்கும்போது அவள் இல்லை.

அம்மா சந்திரவதி முதல் மாதம் அழுதாள். அதற்குப் பிறகு அழுகை நின்று வேறொன்று பிடித்துக்கொண்டது.

"கண்ண மூடுனா வருவாடா. இப்ப வரமாட்டேங்கிறா. அவ சித்தி மூஞ்சிதான் வந்து நிக்கிது," என்று மகனிடம் சொன்னாள். சொந்தத்தில் ஒரு கல்யாண ஆல்பம் இருக்கிறதென்று செஞ்சிவரை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அந்த ஆல்பத்தில் குணமதி எங்கும் இல்லை. அன்று முழுக்கப் பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தாளாம். முகவாயில் மச்சம் இருந்ததா, கழுத்திலா என்று ஒரு நாள் கேட்டாள். ஜீவேந்திரனுக்கும் சட்டென்று சொல்ல வரவில்லை. மகன் முழிப்பதைப் பார்த்ததும் அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

அப்போதுதான் அவன் சொன்னான். "எங்கிட்ட ஒரு சுருள் இருக்கும்மா. மொத வருசம் லீவுல வந்தப்ப, காலேஜு கேமராவுல அவளத்தான் எடுத்தேன். மூணு நிமிசம். ஆடுவா, அசைவா. பேச்சு மட்டும் இருக்காது."

சந்திரவதி கொல்லைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள். "மூஞ்சி தெரியுமா?"

"அவளத்தாம்மா எடுத்தேன்."

விழுப்புரத்தில் இருதயராஜ் என்பவன் ஜீவேந்திரனுக்குக் கல்லூரிச் சிநேகிதன். அரசாங்க வேனில் ஊர் ஊராகப் போய்க் குடும்பக் கட்டுப்பாட்டுப் படம் காட்டுகிற வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோலியனூரில் உறவுக்காரர் வீட்டு வளைகாப்பு என்று நயினாரிடம் சொல்லிவிட்டு, அம்மாவும் மகனும் பஸ் ஏறினார்கள்.

இருதயராஜ் தன் அறை ஜன்னலுக்குக் கம்பளி அடித்து, படம் போடும் மிஷினைத் தயாராக வைத்திருந்தான். "வாங்கம்மா. மிசினு நல்ல மூடுல இருக்கு. நேத்து கண்டாச்சிபுரத்துல பேஜார் பண்ணிடுச்சி. நீங்க வர்றீங்கன்னு தெரிஞ்சி இன்னிக்கு ஒழுங்கா ஓடுது."

சந்திரவதி உட்காரவில்லை. "ஜல்தி போடுப்பா. பொழுதோட வீட்டுக்குப் போவணும்."

வெள்ளையடித்த சுவரில் வெளிச்சம் விழுந்தது. கொல்லைக் கிணற்றடி. குணமதி முதுகைக் காட்டிக்கொண்டு கொடியில் துணி உலர்த்துகிறாள். பின்னலில் ஒவ்வொரு முடியும் தனித்தனியாகத் தெரிந்தது. ரவிக்கையின் தையல் பிரிந்திருப்பது தெரிந்தது. சந்திரவதி வாயைப் பொத்திக்கொண்டாள். யாரோ கூப்பிட்டதுபோல் குணமதி திரும்பினாள். திரும்பும்போதே அவள் முகம் மாவாகக் கரைந்தது. அவளுக்குப் பின்னால், கிணற்று ராட்டினம் பளிச்சென்று துலங்கி வந்தது.

"இருங்கம்மா, போகஸ் போவுது," என்று இருதயராஜ் லென்ஸைத் திருகினான். முன்னே திருகினான், பின்னே திருகினான். "நம்ம மிசினு இல்லப்பா. எடுத்ததே அப்பிடி."

அவள் மறுபடி முதுகு காட்டினாள், தெளிந்தாள். திரும்பினாள், கரைந்தாள். மூன்று நிமிடமும் அதுதான்.

ஜீவேந்திரனுக்கு அப்போதுதான் உறைத்தது. அது ஒரு பாடம். கேமராவை அசைக்காமல், தெளிவை மட்டும் முன்னேயிருந்து பின்னே நகர்த்துகிற பயிற்சி. முகத்தைத் தராமல் விட்டதுதான் இதில் அழகு என்று ஆசிரியர் வகுப்பின் முன் பாராட்டினார். அவன் அந்தச் சுருளை எத்தனையோ தடவை போட்டுப் பார்த்திருக்கிறான். எந்த இடத்தில் தெளிவு மாறுகிறது என்று பார்த்தான். அவளைப் பார்க்கவில்லை.

"இன்னொரு தடவ போடுப்பா," என்றாள் சந்திரவதி.

இன்னொரு தடவை போட்டார்கள். அதற்கும் பிறகு ஒரு தடவை.

"ஏண்டா, அவ திரும்பறப்ப மட்டும் மங்கிடுது?"

"அது பாடம்மா. வேணும்னேதான் அப்பிடி எடுத்தேன்."

"வேணும்னே," என்றாள் அவள். புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். "நல்லா படிச்சிருக்கடா."

வீட்டுக்கு வந்ததும் சந்திரவதி நேரே கணவரிடம் போனாள்.

"வளைகாப்புக்குப் போவலிங்க. விழுப்புரத்துல குணமதி படம் பாத்துட்டு வர்றேன். எலும்போ, இன்னாவோ, பாத்துட்டேன். நாளைக்கு உபவாசம் இருக்கேன். வீட்ட விட்டுப் போன்னாலும் போறேன்."

நயினார் கத்துவார் என்று ஜீவேந்திரன் காத்திருந்தான். அவர் மேல்துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"எப்பிடி இருந்தா?" என்றார்.

சந்திரவதி அவரை உற்றுப் பார்த்தாள். அந்த மனிதரும் இத்தனை நாளாகக் கண்ணை மூடி மூடித் தேடிக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது போலிருந்தது. அவள் முகம் கொஞ்சமும் இளகவில்லை.

"பளிச்சினு இருந்தா. என்னியே பாத்துச் சிரிச்சா. மூக்கு, கண்ணு, அந்த மச்சம், எல்லாம் அப்பிடியே. வாயத் தொறந்து அம்மான்னு கூப்புட்டா, காதுலதான் கேக்கல." ஒவ்வொன்றையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "உங்களுக்கு எதுக்கு அதெல்லாம். உங்களுக்கு ஆவாது."

நயினார் அன்று தூங்கவில்லை. காலையில் கோயிலில் பூஜை செய்யும் உபாத்தியாயர் வீட்டுக்குப் போய்விட்டு, குழந்தைபோல் முகம் மலர்ந்து வந்தார்.

"கேட்டுட்டேண்டா. மூணு நாள் உபவாசம் இருந்துட்டு, ஒரே ஒரு வாட்டி பாக்கலாமாம். நீ அந்த ஆளுகிட்ட சொல்லி வையி."

அறுபது கடந்த உடம்பு. முதல் நாள் மண்டிக்கே போய் வந்தார். இரண்டாம் நாள் சுவரைப் பிடித்து நடந்தார். ஜீவேந்திரன் சமையலறைக்குப் போய் அம்மாவின் முன் நின்றான்.

"சொல்லிடும்மா. அதுல மூஞ்சி இல்லன்னு."

சந்திரவதி கேப்பை மாவைச் சலித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எலும்புன்னு சொன்னது நீதானே. இத்தயும் நீயே சொல்லு."

அவன் அப்பாவின் அறைவரை போனான். அவர் கண்ணை மூடிப் படுத்திருந்தார். உதடு எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. மந்திரம் என்று நினைத்துக் குனிந்தான். மகளின் பெயர். திரும்பி வந்துவிட்டான்.

நாலாம் நாள் காலை, நயினார் சலவை வேட்டி கட்டி, முகத்தைச் சவரம் செய்துகொண்டு, கூடத்துத் தூணைப் பிடித்தபடி வந்து நின்றார்.

"விழுப்புரத்துக்கு எந்த பஸ்ஸுடா கூட்டமில்லாம வரும்? நின்னுக்கினு வர முடியாது எனக்கு."